8192 என்று எழுதிவிட்டால் தீர்ந்ததா?

ஒரு சர்வரில் எத்தனை சாக்கெட், சாக்கெட்டுக்கு எத்தனை கோர், கோருக்கு எத்தனை த்ரெட் என்று துருவிப் பார்த்துச் சொல்லும் சிறு கருவிகள் லினக்ஸில் சில உண்டு. எல்எஸ்-சிபியு, டர்போஸ்டாட், எச்டபிள்யூ-லாக் தொகுப்பில் வரும் எல்எஸ்டோப்போ ஆகியவை அதிகம் புழங்குபவை. இவற்றில் ஒன்றில் மெமரி ஒதுக்கீட்டுப் பிழை இருக்கிறதென்று யாராவது திருத்தம் அனுப்பட்டும், நிரல் எழுதுவோரிடமிருந்து வரும் பதில் பெரும்பாலும் ஒரே தினுசாகத்தான் இருக்கும். அரை விநாடி ஓடி முடிகிற சமாச்சாரம், முடிந்ததும் எடுத்த மெமரியைக் கெர்னல் தானே திரும்ப வாங்கிக்கொள்ளும், மெமரி என்ன தங்கமா, அரேயைக் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

இதில் பாதி சரி. எல்எஸ்-சிபியு ஓடி முடியும் நேரத்தில், எடுத்த ஒவ்வொரு துண்டையும் தேடிப் பிடித்து ஃப்ரீ செய்வதில் பயனாளருக்கு நயா பைசா லாபமில்லை. ப்ராசஸ் முடிந்தால் அதன் பக்கங்கள் எல்லாமே கெர்னலிடம் போய்விடும். மெமரி லீக் என்ற ஒரே பூதத்தைத் துரத்துகிறவர்கள் இந்தக் கருவிகளில் நேரத்தை வீணடிக்கிறார்கள் என்றால் அதை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் கேட்கப்பட்ட கேள்வி அதுவல்ல. செயலி அமைப்பைச் சொல்லும் கருவிகளில் வரும் ஒதுக்கீட்டுப் பிழைகளில் வலிப்பவை லீக் வகையைச் சேர்ந்தவை அல்ல, எண்ணிக்கைப் பிழைகள். மெமரி ஒதுக்கும் மல்லாக்குக்குக் கொடுக்கும் அளவு, அந்த இயந்திரத்தைப் பற்றிக் கருவி செய்யும் முதல் கூற்று. "இங்கே இத்தனை சிபியுதான் இருக்க முடியும்" என்று திரையில் ஒரு வரி அச்சாவதற்கு முன்பே அது சொல்லிவிடுகிறது. அந்தக் கூற்று தவறென்றால் பின்னால் வரும் அட்டவணை தற்செயலாகத்தான் சரியாக இருக்கும்.

ஐபிஎம்மின் பவர்8 செயலியை எடுத்துக்கொள்ளலாம். 2014-இல் சந்தைக்கு வந்தது, ஒரு கோருக்கு 8 த்ரெட். 20 கோர் கொண்ட இயந்திரத்தில் லினக்ஸ் 160 சிபியுக்களைப் பார்க்கும்; எண்கள் 0 முதல் 159 வரை. சில வேலைகளுக்கு ஒரு கோரில் ஒரே த்ரெட் ஓடினால்தான் வேகம் கிடைக்கும் என்பதால், நிர்வாகிகள் பல த்ரெட் வசதியை அணைத்துவிடுவது அங்கே சகஜம். அணைத்ததும் 20 சிபியு மட்டும் ஆன்லைனில் மிஞ்சும். அவற்றின் எண்கள் 0, 1, 2 என்று 19 வரை போகாது. 0, 8, 16, 24 என்று எட்டெட்டாகத் தாவி 152-இல் முடியும்.

இப்போது கருவி "ஆன்லைனில் எத்தனை?" என்று கேட்கிறது. 20 என்று பதில் வருகிறது. 20 இடம் கொண்ட அரே ஒன்றை வாங்குகிறது. பிறகு ஒவ்வொரு சிபியுவின் விவரத்தையும் அதன் எண்ணையே இடமாக வைத்து எழுதுகிறது. இருபது பேர் வந்திருக்கிறார்கள் என்று இருபது நாற்காலி போட்டுவிட்டு, 152-ஆம் எண் சீட்டுக்காரரை அவரவர் எண்ணில் உட்காரச் சொல்வது போன்ற வேலை இது. 24-ஆம் எண் சிபியுவுக்கு வரும்போதே அரேயின் எல்லை தாண்டிவிட்டது.

கிராஷ் ஆனால் நல்லது, ஆகாமல் போவதுதான் வம்பு. ஜிலிப்சி நூலகத்தின் மல்லாக் கேட்ட அளவை அப்படியே தருவதில்லை, தன் கணக்கு விவரத்துக்கான இடத்தையும் சேர்த்து 16 பைட் கணக்கில் மேல்நோக்கி முழுமையாக்கித் தருகிறது. 64-பிட் இயந்திரத்தில் 80 பைட் கேட்டால் 88 பைட் வரை எழுத இடமிருக்கும். ஓரிரு இடம் தாண்டி எழுதினாலும் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். இன்னும் கொஞ்சம் தாண்டினால் பக்கத்துத் துண்டின் கணக்கு விவரம் அழியும். அதன் விளைவு எங்கோ ஒரு சம்பந்தமில்லாத ஃப்ரீயில் வந்து வெடிக்கும்.

சிபியு பட்டியலைப் பிட் வரிசையாக வைத்திருக்க ஜிலிப்சியே தரும் வசதியில் இன்னும் நுணுக்கமான ஒரு பொறி இருக்கிறது. சிபியு_அலாக் என்ற மேக்ரோவிடம் 20 சிபியுவுக்கு இடம் கேட்டால், அது 64 பிட்டுக்கு, அதாவது 8 பைட்டுக்கு முழுமையாக்கித் தரும். அதில் பிட்டை ஏற்றும் மேக்ரோவின், அளவையும் சேர்த்து வாங்கும் எஸ் வடிவம் எல்லையைச் சரிபார்க்கும். எல்லைக்கு வெளியே உள்ள எண்ணைக் கொடுத்தால் பிழை என்று சொல்லாது, பேசாமல் ஒதுக்கிவிடும். மேலே சொன்ன பவர்8 இயந்திரத்தில் இதன் விளைவைக் கையாலேயே கணக்கிடலாம். 0 முதல் 56 வரையிலான எட்டு சிபியுக்கள் பதிவாகும், 64 முதல் 152 வரையிலான பன்னிரண்டும் காணாமல் போகும். மெமரி துளியும் கெடவில்லை. மெமரிப் பிழை தேடும் வால்கிரைண்ட் போட்டுப் பார்த்தாலும் சுத்தம் என்றுதான் சொல்லும். இயந்திரத்தில் 8 சிபியு என்று கருவி நிதானமாக அறிக்கை கொடுக்கும். இதையே 16 த்ரெட் உள்ள மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்தவருக்கு எந்த எண்ணும் 64-ஐத் தொடாது. அவருடைய கணினியில் பிழை பிறக்கவே வழியில்லை.

இதே வசதியின் எதிர்ப்பக்கத்திலும் ஒரு பள்ளம். சிபியு_அலாக்கில் வாங்கிய 8 பைட்டைச் சுத்தம் செய்யப் பழைய பழக்கத்தில் சிபியு_ஜீரோவை அழைத்தால் அது 128 பைட்டையும் துடைத்துவிடும். நிலையான அளவுள்ள வகைக்காக எழுதப்பட்ட மேக்ரோ அது. அளவைச் சொல்லி அழைக்கும் எஸ் வடிவத்தைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். ஒரே ஓர் எழுத்து விடுபட்டதில் 120 பைட் அடுத்தவர் நிலத்தில் விழுகிறது.

"அரேயைப் பெரிதாக்கு" கட்சிக்கு இதிலெல்லாம் பெரிய கவலை இல்லை. 1024 என்று போடு, போதாவிட்டால் 8192 என்று போடு என்பார்கள். இந்த வாதத்துக்கு டர்போஸ்டாட்டின் வரலாறே பதில் சொல்கிறது.

டர்போஸ்டாட், கெர்னல் மூலநிரலோடு சேர்ந்தே வரும் கருவி. ஒவ்வொரு கோரும் எந்த வேகத்தில் ஓடுகிறது, எவ்வளவு நேரம் உறங்குகிறது, எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்று காட்டும். அதில் சிபியு பட்டியலைப் படிக்கும் பகுதிக்கு 1024 என்ற உச்சவரம்பு மாறிலியாக எழுதப்பட்டிருந்தது. 1152 சிபியு கொண்ட ஒரு பெரிய இயந்திரத்தில் அதை ஓட்டியபோது, "0-1151" என்று சிஸ்டம் கொடுத்த வரியை வடிவம் சரியில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. வரியில் ஒரு குறையும் இல்லை. 1024-க்கு மேல் சிபியு இருக்கவே முடியாதென்று கருவி முன்கூட்டியே முடிவு கட்டியிருந்தது, அவ்வளவே. உச்சவரம்பை 8192-ஆக உயர்த்திச் சரிசெய்தார்கள். எக்ஸ்86-64 கெர்னல்களில் பரவலாக வைக்கப்படும் உச்ச எண் அது என்பதால் அதற்கு ஒரு நியாயமாவது இருக்கிறது. குருட்டாம்போக்கில் எடுத்த எண் இல்லை.

மாறிலி ஏன் தேவைப்பட்டது என்பதற்கும் காரணம் உண்டு. எந்தெந்த சிபியு வேண்டுமென்று பயனாளர் கட்டளையிலேயே பட்டியல் கொடுக்கலாம். இயந்திரத்தை எண்ணிப் பார்ப்பதற்கு முன்பே அந்தப் பட்டியலைப் படித்தாக வேண்டும். எண்ணவில்லை, ஆகவே அளவு தெரியாது, ஆகவே ஒரு மாறிலி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கெர்னல் தன்னுடைய உச்ச சிபியு எண்ணைச் சிஸ்எஃப்எஸ் என்ற தன் கோப்பு மரத்தில் ஒரு தனிக் கோப்பாகவே வைத்திருக்கிறது. கெர்னல்_மேக்ஸ் என்று பெயர். உள்ளே ஒரே ஓர் எண். அதைப் படிக்க எந்தத் துருவலும் வேண்டாம், எந்தப் பட்டியலையும் அலச வேண்டாம். யூகிக்க அவசியமே இல்லாத இடத்தில் யூகத்தை இன்னும் பெரிய யூகமாக்கியிருக்கிறார்கள். மெமரி மலிவு என்ற வாதமும் இங்கே செல்லாது. 8192 பிட் என்பது 1 கிலோபைட். யாரும் மெமரிச் செலவுக்கு அஞ்சி 1024-இல் நிற்கவில்லை, யோசிக்காமல் நின்றார்கள்.

1024-க்கு இன்னொரு வீடும் உண்டு. ஜிலிப்சியின் சிபியு_செட்_டி வகை நிலையாக 128 பைட், அதாவது 1024 பிட். அதற்கு மேற்பட்ட சிபியுவுக்கு இடம் வைத்திருக்கும் கெர்னலிடம் அந்த அளவு பெட்டியை நீட்டி, எந்தெந்த சிபியுவில் ஓட அனுமதி என்று கேட்டால் "தவறான அளவு" என்று திருப்பி அனுப்பிவிடும். பெட்டியை இரட்டித்து இரட்டித்துக் கேட்டு, கெர்னல் ஒப்புக்கொள்ளும் அளவில் நிற்பதுதான் வழி. எச்டபிள்யூ-லாக் நூலகம் இன்னொரு பாதையில் போயிற்று. அதன் பிட் வரிசைக்கு நிலையான அளவே கிடையாது. தேவைக்கேற்ப நீளும், "இந்த எண்ணுக்கு மேல் எல்லாமே" என்ற முடிவிலிப் பட்டியலைக்கூடத் தாங்கும்.

எந்த எண்ணை நம்பி ஒதுக்குவது என்பதுதான் உள்ளபடியே கடினமான பகுதி. கெர்னல் ஒரு பட்டியலோடு நிறுத்துவதில்லை. இருக்கக்கூடியவை, பொருத்தப்பட்டிருப்பவை, இப்போது ஓடுபவை என்று தனித்தனிக் கோப்புகளில் தருகிறது. ஓடுபவற்றை எண்ணி ஒதுக்குவது பவர்8-இல் கண்ட விபத்து. இருக்கக்கூடியவற்றின் உச்ச எண்ணோடு ஒன்றைக் கூட்டி ஒதுக்கினால் சிபியு எண் சார்ந்த அரேக்கள் பிழைத்துக்கொள்ளும். ஆனால் கோர் எண்ணுக்கும், மெமரிப் பகுதியைக் குறிக்கும் நூமா நோடு எண்ணுக்கும் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. இன்டெலின் வெஸ்ட்மியர் தலைமுறையின் ஆறு கோர் ஜியான்களில் கோர் எண்கள் 0, 1, 2, 8, 9, 10 என்று நடுவில் ஓட்டையோடு வந்தன. ஆறு கோர் என்று நம்பி ஆறு இடம் ஒதுக்கியவர் எட்டாம் எண்ணில் மாட்டுவார். பவர்9-இல் கிராஃபிக்ஸ் கார்டின் மெமரியே தனி நூமா நோடாகத் தெரியும் ஐபிஎம் ஏசி922 இயந்திரத்தில் நோடு எண்கள் 0, 8, பிறகு ஒரேயடியாக 252-இலிருந்து 255 வரை. ஆறே நோடு, உச்ச எண் 255.

எண்ணிக்கையை நேராகச் செயலியிடமே கேட்டால் என்ன என்று தோன்றும். அந்தக் கதவையும் இன்டெல் அடைத்து வைத்திருக்கிறது. சிபியுஐடி கட்டளையின் அமைப்பு விவரப் பகுதியில், ஒரு நிலையில் எத்தனை தருக்கச் செயலிகள் என்று சொல்லும் ஒரு புலம் உண்டு. அதைக் கொண்டு அமைப்பைக் கணக்கிடக் கூடாது, காட்சிக்கும் பழுது பார்ப்புக்கும் மட்டும்தான் என்று இன்டெலின் கையேடே எச்சரிக்கிறது. பயாஸும் இயங்குதளமும் சிலவற்றை மறைத்திருக்கலாம் என்பது காரணம். காட்டலாம், ஒதுக்கப் பயன்படுத்தக் கூடாது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் "சின்னக் கருவிதானே" என்று சொல்வது எளிது.

பெருக்கல் பழக்கம் இதைவிடப் பரவலானது. முதல் சிபியுவைப் பார்த்துக் கோருக்கு இத்தனை த்ரெட், சாக்கெட்டுக்கு இத்தனை கோர் என்று எடுத்துக்கொண்டு, சாக்கெட் எண்ணிக்கையோடு சேர்த்து மூன்றையும் பெருக்கி அரே வாங்குவது. எல்லாக் கோரும் ஒரே வார்ப்பு என்று இருந்த காலத்தில் ஓடியது. 2021 நவம்பரில் விற்பனைக்கு வந்த இன்டெலின் ஐ9-12900கே-வில் எட்டுப் பெரிய கோர், எட்டுச் சிறிய கோர். பெரியவற்றில் மட்டும் இரண்டிரண்டு த்ரெட். மொத்தம் 24. பெரிய கோரைப் பார்த்துப் பெருக்கினால் 16 × 2 = 32, எட்டு இடம் வீண், பரவாயில்லை. சிறிய கோரைப் பார்த்துப் பெருக்கினால் 16 × 1 = 16, எட்டு சிபியுவுக்கு இடமே இல்லை. எந்தக் கோர் முதலில் கண்ணில் படுகிறது என்பதைப் பொறுத்துக் கருவி பிழைக்கும் அல்லது சாகும். ஏஆர்எம் உலகில் இப்படிப் பெரிய கோரும் சிறிய கோரும் கலப்பது அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வழக்கம்.

எல்எஸ்-சிபியுவைப் பராமரிப்பவர்கள் இதை அரேயைப் பெரிதாக்கித் தீர்க்கவில்லை என்பது கவனிக்க வேண்டியது. அது இடம்பெறும் யூட்டில்-லினக்ஸ் தொகுப்பின், 2021-இல் வந்த 2.37 பதிப்பில் கருவியையே புதிதாக எழுதினார்கள். ஒரு சிபியுவைப் பார்த்து மற்றதை ஊகிக்காமல் எல்லா சிபியுக்களின் விவரத்தையும் படித்து, இயந்திரத்தில் எத்தனை வகைச் செயலி இருக்கிறதோ அத்தனைக்கும் தனித்தனியாகக் கணக்குச் சொல்லும்படி மாற்றினார்கள். ஒதுக்கீட்டை யோசிக்கப் போய் இயந்திரத்தைப் பற்றிய புரிதலே மாறியது என்று இதைப் படிக்கலாம்.

வெளியீட்டுப் பஃபரும் ஒதுக்கீடுதான். இங்கும் டர்போஸ்டாட்டே உதாரணம். திரையில் அச்சாக வேண்டியதையெல்லாம் ஒரு பஃபரில் சேர்த்துவிட்டு ஒரே தடவையில் வெளியே தள்ளுவது அதன் வழக்கம். சிபியு ஒன்றுக்கு 1024 பைட் வீதம் அந்தப் பஃபர் கணக்கிடப்பட்டிருந்தது. அகலம் பார்க்காமல் எழுதும் ஸ்பிரிண்ட்எஃப் வேறு. புதிய வன்பொருளில் உறக்க நிலைகள் பெருகின, பிழைதேடல் வரிகள் கூடின, எழுத்து பஃபரைத் தாண்டி வழிந்து கருவி விழுந்தது. 2019-இல் வந்த திருத்தம் 1024-ஐ 2048 ஆக்கியது. அன்றைய இயந்திரத்துக்கு அது போதும். ஆனால் ஒரு வரியில் எத்தனை பத்தி என்பதை நிர்ணயிப்பது செயலியை உருவாக்குபவர், கருவியை எழுதுபவர் அல்லர். இத்தனை பத்தி என்று தெரிந்த பிறகு ஒதுக்கியிருந்தாலோ, எழுதும்போது மீதி இடத்தைப் பார்க்கும் எஸ்என்பிரிண்ட்எஃப்பைப் பயன்படுத்தியிருந்தாலோ 2048 என்ற எண்ணைப் பற்றி யாரும் யோசிக்க வேண்டியிருக்காது.

ரஸ்ட்டில் எழுதுங்கள், எல்லாம் தீரும் என்று இன்னொரு குரல் கேட்கும். எல்லை தாண்டி எழுதும்போது ரஸ்ட் நிரல் அங்கேயே நின்றுவிடும், பக்கத்து மெமரியைக் கெடுக்காது. அது பெரிய லாபம், மறுக்க முடியாது. ஆனால் 20 இடம் வாங்கிவிட்டு 152-ஐத் தேடும் நிரல் எந்த மொழியில் எழுதினாலும் அந்த இயந்திரத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லாமல் நிற்கும். 1152 சிபியு இயந்திரத்தில் டர்போஸ்டாட்டும் மெமரியைக் கெடுக்கவில்லை, ஒழுங்காகவே நின்றது. நின்றதுதான் புகார்.

மல்லாக் வெற்று முகவரி தருகிறதா என்று பார்த்தால் போதும் என்பவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வழக்கமான அமைப்பில் லினக்ஸ் சிறு ஒதுக்கீட்டை மறுப்பதே அரிது. தவறான அளவைக் கேட்டால் தவறான அளவை மகிழ்ச்சியோடு கொடுக்கும்.

"மனிதர் கண்ணால் பார்க்கும் அறிக்கைதானே, கொஞ்சம் பிசகினால் என்ன?" என்பது கடைசி அரண். டர்போஸ்டாட் செயலியின் எம்எஸ்ஆர் பதிவேடுகளைப் படிக்கிறது. அதற்கு ரூட் உரிமையோ அதற்கு இணையான சிறப்பு அனுமதியோ வேண்டும். மெமரியைக் கெடுக்கும் பிழை அந்த உரிமையோடு ஓடுகிறது. அரை விநாடியும் அல்ல. விட்டுவிட்டால் 5 விநாடிக்கு ஒருமுறை எண்களைத் துப்பிக்கொண்டு நாள் கணக்கில் ஓடும். ஆகவே முதலில் ஒப்புக்கொண்ட லீக் விஷயம்கூட இந்தக் கருவிக்குப் பொருந்தாது. எச்டபிள்யூ-லாக்கின் பதிலை மனிதர் பார்ப்பதைவிட நிரல்கள் பார்ப்பதே அதிகம். சூப்பர் கம்ப்யூட்டர்களில் வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்லர்மும் ஓபன் எம்பிஐ-யும் எந்த ப்ராசஸை எந்தக் கோரில் கட்டிப்போடுவது என்று முடிவு செய்ய அதை நாடுகின்றன. அங்கே பன்னிரண்டு கோர் காணாமல் போனால் பன்னிரண்டு கோருக்கான மின்சாரமும் பணமும் சும்மா எரியும், அல்லது இரண்டு வேலைகள் ஒரே கோரில் முட்டிக்கொள்ளும்.

அப்படிப்பட்ட இயந்திரம் எங்களிடம் இல்லையே, எப்படிச் சோதிப்பது என்று கேட்பதிலும் சாரமில்லை. எல்எஸ்-சிபியுவுக்கு வேறொரு கோப்பு மரத்தைக் காட்டி "இதுதான் சிஸ்டம்" என்று நம்பவைக்கும் சிஸ்ரூட் விருப்பம் இருக்கிறது. யூட்டில்-லினக்ஸ் திட்டம் பவர், ஐபிஎம் மெயின்ஃப்ரேம், ஏஆர்எம் போன்ற பலவகை இயந்திரங்களிலிருந்து எடுத்த சிஸ்எஃப்எஸ் பிரதிகளைச் சுருட்டித் தன் சோதனைக் கோப்புறையிலேயே வைத்திருக்கிறது. எச்டபிள்யூ-லாக்கும் அப்படித்தான், பயனாளர் இயந்திரத்தின் அமைப்பைச் சேகரித்து அனுப்பத் தனி ஸ்கிரிப்ட் தருகிறது. எட்டெட்டாகத் தாவும் சிபியு எண்ணும் 252-இல் தொடங்கும் நோடு எண்ணும் கொண்ட பொய் மரம் ஒன்றை எந்த மடிக்கணினியிலும் ஒரு மாலைப் பொழுதில் கட்டிவிடலாம். ஒதுக்கீட்டுத் திருத்தம் அனுப்புகிறவரிடம் பராமரிப்பாளர் கேட்க வேண்டியது அந்த மரத்தையும், அதன்மேல் எல்லை மீறலைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு ஓட்டிய முடிவையும், கருவி சொன்ன சிபியு எண்ணிக்கை மரத்தில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்பதையும்தான். மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டையும் வைத்துத் திருத்தத்தை ஏற்றால், பிட்டைப் பேசாமல் கைவிடும் அந்த மேக்ரோ பன்னிரண்டு சிபியுவை மறுபடியும் விழுங்கிவிட்டுச் சோதனையில் தேறிவிடும்.